சிவப்பு வண்டி வேண்டாம் என்றுதான் சொன்னேன்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார்கள். நான் ஜன்னல் கண்ணாடிகளைப் பார்ப்பேன். தொழில் புத்தி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் வேறு எதைப் பார்ப்பான்? கார்க் கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். எந்த ஆண்டு செய்த கண்ணாடி என்று அதில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் கல் பட்டு உடைந்திருக்கும், மாற்றியிருப்பார்கள், அதில் தப்பில்லை. முன்பக்கக் கண்ணாடிகள் எல்லாம் ஓர் ஆண்டும் பின்பக்கக் கண்ணாடிகள் எல்லாம் இன்னோர் ஆண்டுமாக இருந்தால், அந்த வண்டி இரண்டு முறை பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

நேற்று இதே ஸ்டேஷனில் நீங்கள் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, ஆறுதல் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி சார். இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால், மாப்பிள்ளை விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. ஒரு வரிதான். ஆனால் எடுத்த எடுப்பில் சொன்னால் புரியாது. கண் பரிசோதனையில்கூடப் பெரிய எழுத்தில் ஆரம்பித்துத்தான் பொடி எழுத்துக்கு வருகிறோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் வீட்டுக்காரரை. மெத்தைக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். மெத்தை வாங்க வருகிறவர்களை அதில் படுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்து மெத்தையில் தானும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அவர்கள் குடும்பக் கதையைக் கேட்பார். எழுந்து போகும்போது மெத்தையோடு இரண்டு தலையணையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் பலகையில் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டு, ஃபிரேம் விலை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தொழிலுக்குத் தொழில் வித்தியாசம், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது.

அவரிடம் ஒரே ஒரு குறை. நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செய்ததெல்லாம் அவருக்குப் பலித்தது, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூலைக்கடையை வாடகைக்கு எடுக்காதீர்கள், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, பஞ்செல்லாம் பாழாகிவிடும் என்றேன். எடுத்தார். அடுத்த மாதமே பஸ் நிறுத்தத்தைக் கொண்டுவந்து அந்தக் கடை வாசலில் வைத்தார்கள். ஈரம் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படுக்கையறைக்குக் கரும்பச்சை அடிக்காதீர்கள், குகை மாதிரி இருக்கும் என்றேன். அடித்தார். பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர் தங்கள் வீட்டுக்கும் அதையே அடித்தார்கள். இவ்வளவு ஏன், தங்கைக்கு அவரைப் பேசும்போதே, ஆள் கொஞ்சம் வாய் அதிகம், நன்றாக யோசித்துக்கொள் என்று நான்தான் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தாள்.

வீட்டில் இது ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. 'அண்ணன் வேணாம்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடு.' முதலில் சொன்னவள் தங்கை. முதலில் சிரித்தவள் அம்மா. அம்மா என்னோடுதான் இருக்கிறாள், என் சோற்றைத்தான் சாப்பிடுகிறாள், சிரிப்பு மட்டும் மாப்பிள்ளை பக்கம். ஜன்னல் திரை வாங்கப் போன இடத்திலிருந்து போன் வரும். "அண்ணா, நீலமா, மஞ்சளா?" நீலம் என்பேன். போனிலேயே அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். மஞ்சள் வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவன் என்ற பெயர் நமக்கு எதற்கு?

எனக்கென்று இருந்த ஒரே இடம் ட்ராக்தான் சார். ஊருக்கு வெளியே இருக்கிறதே, அந்த ரேஸ் ட்ராக். பந்தயம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, அவரவர் சொந்த வண்டியை அவரவர் தைரியத்துக்கு ஏற்றபடி ஓட்டலாம். ட்ராக் டே என்பார்கள். பரிசு, கோப்பை எதுவும் கிடையாது. வங்கி அதிகாரி, பல் டாக்டர், பேக்கரிக்காரர் என்று எல்லாரும் வருவார்கள். என்னிடம் ஒரு பழைய வெள்ளை வண்டி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்னைவிட மூன்று மடங்கு விலை கொடுத்தவர்களை வளைவுகளில் தாண்டியிருக்கிறேன்.

அங்கே என் பெயர் 'லென்ஸ்'. யார் புதிதாக வண்டி வாங்குவதென்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். குறைந்த செலவில் ட்ராக்குக்கு வண்டி தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது எளிமையானது. வேகத்தை வாங்காதே, எடை குறைந்த வண்டியை வாங்கு. பெரிய இன்ஜின் டயரையும் பிரேக்கையும் தின்றே உன்னைக் கடனாளி ஆக்கும். தெருவெல்லாம் ஓடுகிற மாடலாகப் பார், உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். வெளியே கீறல் இருந்தால் இருக்கட்டும், அடியில் துரு இருக்கக் கூடாது. நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பார். பளபளப்பை மட்டும் நம்பாதே. இதையெல்லாம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொள்வார்கள். அங்கே நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாவியை நீட்டிய கை பின்னால் போய்விடும். 'லென்ஸ் பார்த்த வண்டி' என்றால் அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வேடிக்கை பார்க்க வருகிறேன் என்றார். வந்தார். மத்தியானத்துக்குள் பாதிப்பேருக்கு அவர் மச்சான் ஆகிவிட்டார். பல் டாக்டருக்கு முதுகுவலி என்று தெரிந்துகொண்டு எந்த மெத்தையில் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பேக்கரிக்காரர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு சுற்றுப் போய்வந்தார். காலையில் 'லென்ஸோட மாப்பிள்ளை' என்று உள்ளே வந்தவர் அவர். சாயங்காலம் வெளியே வரும்போது நான் 'மெத்தைக்காரரோட மச்சான்' ஆகியிருந்தேன்.

திரும்பும் வழியில் அவர் குழந்தை மாதிரி பேசிக்கொண்டே வந்தார். "மச்சான், இத்தன நாளா இப்படி ஒரு இடத்த எங்கிட்டருந்து மறைச்சு வச்சிருந்தீங்களே, நியாயமா? எனக்கும் ஒரு வண்டி வேணும். புதுசெல்லாம் வேணாம். செகண்ட் ஹேண்ட்ல, கைக்கு அடக்கமா ஒன்னு பாத்துக் குடுங்க. செலவு ஜாஸ்தியாச்சுன்னா உங்க தங்கச்சி என்னைக் கடையிலயே ஒரு மெத்தைல படுத்துக்கச் சொல்லிடுவா."

பார்ப்போம் மாப்பிள்ளை என்றேன். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கார் விற்கும் தரகரின் யார்டுக்கு நான்தான் அழைத்துப் போனேன். இப்போது உள்ளே வைத்திருக்கிறீர்களே, அதே தரகர்தான். எந்த வண்டியைக் காட்டினாலும் ஒரு டாக்டர் ஓட்டியது என்பார். அவர் சொல்கிற அத்தனை டாக்டர்களும் நிஜமாகவே இருந்தால் ஊரில் ஒரு நோயாளி மிஞ்ச மாட்டார். அங்கே மாப்பிள்ளையின் கைக்கு அடக்கமாக இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறம். பின் கதவில் ஒரு நசுங்கல், இருக்கைத் துணி கிழிந்திருந்தது, பார்க்கவே சலிப்பாக இருந்தது. ஆனால் அடியில் படுத்துப் பார்த்தேன். துரு இல்லை. டயர் தேய்மானம் நான்கிலும் ஒரே சீர். கண்ணாடி எல்லாவற்றிலும் ஒரே ஆண்டு. ட்ராக்குக்கு அதைவிட நல்ல வண்டி அந்த விலைக்குக் கிடைக்காது.

இன்னொன்று சிவப்பு. நேற்றுதான் பெயின்ட் அடித்த மாதிரி மின்னியது. மாப்பிள்ளை அதைப் பார்த்ததுமே ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே இன்ஜின் சத்தம் எழுப்ப ஆரம்பித்துவிட்டார். தரகர் சாவி எடுக்க ஆபீசுக்குள் போயிருந்தார். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். முன்கண்ணாடியைப் பார்த்தேன், முன்கதவுகளைப் பார்த்தேன், பின்கதவுகளைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு பின் இருக்கையைத் தூக்கி, அடியில் கார்ப்பெட்டின் ஓரத்தை உரித்துப் பார்த்தேன்.

தடிமனாகத் தார் பூசியிருந்தார்கள். தாருக்கு அடியில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும், வெல்டிங் தடம் ஒன்று வரப்பு மாதிரி ஓடியது. பின்னால் நொறுங்கிய வண்டியின் முன்பாதி, முன்னால் நொறுங்கிய வண்டியின் பின்பாதி, இரண்டையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டி தெருவில் வருடக்கணக்கில் ஓடும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் சமர்த்தாகப் போய்வரும். ட்ராக்கில் நீளமான நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. நல்ல வண்டியே அங்கே முனகும்.

கார்ப்பெட்டை இருந்தபடியே அழுத்தி ஒட்டினேன். இருக்கையைப் பழையபடி பொருத்தினேன். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது கோபம் எதுவும் இல்லை சார். மனது குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தது. முன்னால் மாப்பிள்ளை இன்னும் வாயால் கியர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"எது மச்சான்?" என்று கேட்டார்.

"சாம்பல்தான் மாப்பிள்ளை."

"சிவப்பு?"

"சிவப்பு வேணாம்."

"ஏன், என்ன கோளாறு?"

"கோளாறுன்னு இல்ல. எனக்கு என்னமோ பிடிக்கல."

ஏன் காரணத்தைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. காரணம் சொல்லி வேண்டாம் என்றால் அது புத்திமதி. காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அது சிபாரிசு. எந்தக் குரலில் வேண்டாம் என்றால் அவர் ஓடிப்போய் வாங்குவார் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எத்தனையோ வருடம் அந்தக் குரலைத் தெரியாமல் பயன்படுத்தி மூக்கறுபட்டிருக்கிறேன். அன்று ஒரு முறை தெரிந்து பயன்படுத்தினேன். ஆனால் நான் சொன்னது உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தரகரும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். வேண்டுமானால் அவரையே விசாரியுங்கள்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "மச்சான், எடுத்தாச்சு! எதுன்னு கேக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை ட்ராக்ல வந்து பாருங்க." அவரே கேட்கக் கூடாது என்ற பிறகு கேட்பது நாகரிகமாக இருக்காது. நான் கேட்கவில்லை. அந்த வாரம் கடையில் வியாபாரம் நன்றாக இருந்ததாக ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கின் உள்முற்றத்தில் மாப்பிள்ளை சாம்பல் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். கிழிந்த இருக்கைமேல் அளவாக வெட்டிய மெத்தைத் துண்டு ஒன்றைப் போட்டிருந்தார். தங்கையும் அம்மாவும் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த மனிதர் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். எனக்கு வந்தது ஏமாற்றம். மறைக்காமல் சொல்கிறேன், பெரிய ஏமாற்றம்.

"என்ன மாப்பிள்ளை, சாம்பலா?" என்றேன்.

"பின்ன? மத்ததெல்லாம் விளையாட்டு மச்சான். ஜன்னல் திரை தப்பாப் போனா மாத்திக்கலாம். இது உயிர் சமாச்சாரம். இதுல உங்க கண்ண மீறிப் போவேனா நான்?"

அப்படிச் சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துத் திருப்பினார். பின்னால், சுவர் ஓரமாக, தலையில் பெரிய ரிப்பன் கட்டி அந்தச் சிவப்பு வண்டி நின்றது. சுற்றி ட்ராக் ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இது உங்களுக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அன்னைக்கு அந்த வண்டிய எப்படிப் பாத்தீங்க! சுத்திச் சுத்தி வந்தீங்க, கண்ணாடியத் தடவுனீங்க, பின்சீட்டத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்க. சாம்பல் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்ததோட சரி. ஆசை. செலவுக்குப் பயந்துக்கிட்டு எனக்கும் வேணாம், உனக்கும் வேணாம்னு சொல்லிட்டீங்க. இத்தன வருசமா உங்களக் கிண்டல் பண்ணியே பொழுத ஓட்டிட்டேன் மச்சான். இது அதுக்குப் பிராயச்சித்தம்."

தங்கையின் கண் கலங்கியிருந்தது. அம்மா என்னைப் பெருமையாகப் பார்ப்பதாக ஒரு கணம் நினைத்தேன். இல்லை, பார்த்தது அவரைத்தான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும் சார். எனக்கு வழிகள் இல்லாமல் இல்லை. முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிறகு காதும் காதும் வைத்தாற்போல உடைத்துப் போட்டிருக்கலாம். பின் இருக்கையைத் தூக்கி, இதோ பாருங்கள் என்று எல்லாருக்கும் காட்டியிருக்கலாம். காட்டினால், 'அன்னைக்கே பாத்தீங்களா லென்ஸ்?' என்று யாராவது கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? எல்லாவற்றையும்விட, அத்தனை பேர் முன்னால் அவர் எனக்குப் பரிசு கொடுத்துவிட்டார். பெருந்தன்மையிலும் அவரே முந்திக்கொண்டார். என் ட்ராக்கில், என் ஆட்கள் முன்னால், எனக்கென்று இருந்த ஒரே இடத்தில். அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

சாவியை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"வாங்கிக் குடுத்த கையாலயே முதல் ரவுண்டு போகட்டும் மாப்பிள்ளை. அதுதான் ராசி" என்றேன்.

எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சொன்னபோது அழகாக இருந்தது. மறுபடியும் கை தட்டினார்கள், இந்த முறை எனக்கு.

ட்ராக்குக்குள் நுழைகிற வாயிலில் ஒரு பரிசோதகர் இருப்பார். டயர், பிரேக், ஹெல்மெட் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவார். கண்டிப்பான ஆள். பேக்கரிக்காரரின் வண்டியையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். சிவப்பு வண்டிக்குக் கீழே குனியப் போனவர், நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"நீங்க பாத்த வண்டியா லென்ஸ்?"

"பாத்த வண்டிதான்."

"அப்ப நான் எதுக்கு முதுக வளைக்கணும்?" என்று சொல்லி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மாப்பிள்ளையின் ஹெல்மெட் வார் தளர்வாக இருந்தது. நானே இழுத்துக் கட்டினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதுமே கறார். "மெதுவாப் போங்க மாப்பிள்ளை" என்றும் சொன்னேன். நிழலில் இருந்தபடியே தங்கை சத்தமாகச் சிரித்தாள். "என்னங்க, அண்ணனே மெதுவாப் போகச் சொல்லிட்டாரு. அப்புறம் என்ன, பறக்க வேண்டியதுதானே!" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மாப்பிள்ளையும் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன்.

முதல் சுற்று ஒழுங்காகத்தான் வந்தார். எங்களைத் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். அது விதிமுறைக்கு விரோதம். இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் நன்றாக வேகம் பிடித்தார். புதிதாக ஓட்டுகிறவருக்கு நல்ல கை என்றே சொல்ல வேண்டும். வளைவில் சரியான இடத்தில் திருப்பினார். முன்பாதி திரும்பியது. பின்பாதி திரும்பவில்லை. அதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை, வண்டி உங்கள் காவலில்தான் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் மாப்பிள்ளைக்கு உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் என்னைத்தான் கேட்டார். தங்கையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். பேசுவதற்கு மிகவும் கஷ்டப்பட்டார்.

"நல்லவேள மச்சான்... நீங்க உக்காரல. உங்களுக்குன்னு... வாங்கினது. வேணாம்னு சொன்னீங்களே, கேக்காம... உங்க உயிருக்கே உலை வைக்கப் பாத்தேனே. மன்னிச்சிருங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை மாப்பிள்ளை, மன்னித்துவிட்டேன் என்றேன். மனதார மன்னித்தேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அதன்பிறகு அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்க முடிந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

இப்போது வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "உங்க பேச்சக் கேட்டிருந்தா அவர் இருந்திருப்பாரேண்ணா" என்று சொல்லித்தான் தங்கை அழுகிறாள். ஜன்னல் திரையிலிருந்து கடைச் சாவி வரை எல்லாம் என்னைக் கேட்டுத்தான். மெத்தைக் கடையை என்ன செய்வது என்று கேட்டாள். சுவரில் ஈரம் இருக்கிறது, விட்டுவிடு என்றேன். விட்டுவிட்டாள். பறக்க வேண்டியதுதானே என்று தான் சொன்ன வார்த்தையை நினைத்து அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. உன் மேல் தப்பில்லை, வேடிக்கையாகத்தானே சொன்னாய் என்று தினமும் எடுத்துச் சொல்கிறேன். அண்ணன் என்று ஒருவன் வேறு எதற்கு இருக்கிறான்? அம்மா மட்டும் முன்போல் சிரிப்பதில்லை. வயதாகிவிட்டது.

இப்படியே எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டிருந்தது. நேற்று நீங்கள் கூப்பிட்டு அனுப்பினீர்கள். வெல்டிங் தடத்தின் படங்களைக் காட்டினீர்கள். தரகரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். எல்லாம் சரி. கடைசியில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"யானைக்கும் அடி சறுக்கும் சார். இப்படிப் பூசி மெழுகி வச்சிருந்தா யார் கண்ணுக்கும்தான் தெரியாது. நீங்க பாக்கத் தவறிட்டோமேன்னு மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. மாப்பிள்ளை இறந்த அன்றுகூட நான் சாப்பிட்டேன். இன்று காலையில் கடைக்கு வந்த ஒருவர், ஃபிரேமை மாட்டிக்கொண்டே, "அவ்வளவு பெரிய ஒட்டு உங்க கண்ணுக்கே தப்பிடுச்சாமே" என்று பரிதாபமாகக் கேட்டார். ட்ராக்கில் இப்போது வண்டி பார்க்கப் பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். பல் டாக்டரை! அந்த மனிதருக்கு டயர் தேய்ந்திருப்பது தெரிய வேண்டுமென்றால் டயருக்குப் பல் வலிக்க வேண்டும்.

ஆகவே திருத்தம் இதுதான். 'வண்டியில் இருந்த பழுதைக் கவனிக்கத் தவறினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். கவனித்தார் என்று எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்குள், கண்ணாடி முத்திரையை வைத்தே கண்டுபிடித்தார், பின் இருக்கைக்கு அடியில் கையை வைத்து உறுதி செய்துகொண்டார் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். பரிசோதகர் கேட்டபோதும் தெரியும். ஹெல்மெட் வாரைக் கட்டும்போதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். தரகர் மோசடிக்காரர்தான், அவர் உள்ளே இருந்தால் இருக்கட்டும். ஆனால் என் கண்ணை ஏமாற்றினார் என்ற பெருமை அவருக்குப் போகக் கூடாது.

ஏன் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு அதில் தகராறு இல்லை. தங்கைக்கு மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது, நான் எதை வாங்கச் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சாம்பல் வண்டி இன்னும் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. மேலே தூசி படிந்திருக்கும். மெத்தைத் துண்டு அப்படியே இருக்கும். சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே கிளம்பும். எத்தனையோ பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன் சார். நான் வாங்கச் சொன்ன வண்டியால் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.